முப்பத்தேழரை விநாடி

என் மகள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டாள். அதையும் வீட்டில் ஒரு துண்டுத் தாளில் எழுதாமல், பொதுத் தேர்வில் போய் எழுதிவிட்டாள்.

நான் பெரிய மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் படுக்கை விரிப்புகள், மதியம் டாக்டர்களின் கோட்டுகள், சாயங்காலம் வார்டுத் திரைகள். வேதியியல் படித்தவள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கம் தேர்வு வாரியத்தில் செல்லாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு வந்த கேள்வி இது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அதன் மேல் கண்ணாடிக் குடுவையை வைத்து ஹைப்போ என்ற உப்பின் கரைசலை ஊற்ற வேண்டும். அதில் ஆசிட்டைச் சேர்த்ததும் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். தெளிவாக இருந்த கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி வரும். மேலிருந்து பார்த்தால் குறி மங்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் காணாமல் போகும். எத்தனை விநாடியில் காணாமல் போனது என்று எழுத வேண்டும். ஒன்றை அந்த விநாடிக் கணக்கால் வகுத்தால் வினையின் வேகம் வந்துவிடும். இவ்வளவுதான் சமாசாரம்.

என் மகளுக்கு இருபத்தைந்து விநாடியில் குறி மறைந்தது. நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். மறுபடியும் இருபத்தைந்து. ஒன்றை இருபத்தைந்தால் வகுத்து, வேகம் 0.04 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த லேபில் இருந்த மற்ற முப்பத்தொரு பிள்ளைகளும் ஐம்பது விநாடி, வேகம் 0.02 என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் குடுவையைத் தொடவே இல்லையாம். ஒருத்திக்கு ஆசிட் பாட்டில் வந்து சேரவே இல்லை. அவளுக்கும் ஐம்பதுதான்.

முடிவு வந்தது. அந்தக் கேள்விக்குப் பத்துக்குச் சுழி. செய்முறையில் தேர்ச்சி பெற மூன்று மதிப்பெண் குறைவு. எங்கள் மருத்துவமனையிலேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான இரண்டு வருடப் படிப்பில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். தேர்ச்சி பெற்ற மதிப்பெண் பட்டியலை முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. அன்றைக்குத் தேதி ஒன்பது.

"ஊரே ஐம்பதுன்னு எழுதும்போது உனக்கு மட்டும் என்னடி இருபத்தஞ்சு?" என்று கேட்டேன்.

"எனக்கு இருபத்தஞ்சுலதாம்மா மறைஞ்சுது."

"மறைஞ்சா என்ன? ஐம்பது வரைக்கும் சும்மா நின்னுட்டு அப்புறம் எழுதியிருக்கலாம்ல?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைக் கேட்டதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு. பெற்ற தாயே கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் பிள்ளை எங்கே போகும்?

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேதியியல் ஆசிரியர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அவ நல்ல பொண்ணும்மா. ஆனா பரீட்சை அன்னிக்குப் போய் கடிகாரத்தைப் பார்த்திருக்கா" என்றார்.

"பார்க்கக் கூடாதா சார்?"

"வருஷம் பூரா பார்க்கலாம். பரீட்சைக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல? நான் முதல் வகுப்புலயே சொல்லிடுவேன். இந்தச் சோதனைக்கு ஐம்பது, அடுத்த சோதனைக்கு நூத்திப் பத்து, மனப்பாடம் பண்ணிக்கங்கன்னு. அன்னிக்கு இவளுக்குக் காய்ச்சல்னு லீவு."

காய்ச்சலில் படுத்ததால் உண்மையை எழுதிவிட்டாள் என்று புரிந்துகொண்டு, வாரியத்துக்குப் பஸ் ஏறினேன்.

தேர்வு வாரியத்தின் தரைத்தளத்தில் ஆறு கவுண்டர்கள். ஒன்று முதல் ஐந்து வரை, ஆறாவது கவுண்டருக்குப் போங்கள் என்று சொல்வதற்காக. ஆறாவதில் ஒரு குமாஸ்தா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையை நிமிர்த்தவே மாட்டார். எனக்கு அவருடைய வகிடுதான் நன்றாகத் தெரியும், முகம் தெரியாது. மறுமதிப்பீட்டுப் படிவம் ஒன்றைத் தள்ளிவிட்டார். காரணம் என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன. கூட்டல் பிழை, பக்கம் விடுபட்டது, கையெழுத்து புரியவில்லை.

"சார், எம் பொண்ணு எழுதின விடை சரி. அதுக்குக் கட்டம் இல்லையே?"

"சரியா எழுதினவங்க ஏம்மா இங்க வரப்போறாங்க?" என்றார் வகிடு.

"வந்திருக்கேனே சார்."

"அப்ப தப்பா எழுதியிருக்கா. ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

கையெழுத்து புரியவில்லை என்பதில் டிக் போட்டேன். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் மகளின் கையெழுத்து மிகத் தெளிவாக இருப்பது ஆய்வில் கண்டறியப்பட்டது. எனவே அவர் செய்த தவறும் மிகத் தெளிவாக உள்ளது' என்று எழுதி, கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றுமே புரியவில்லை.

மேல்முறையீடு இரண்டாம் மாடியில், விடைக்குறிப்புப் பிரிவில். அங்கே ஓர் அதிகாரி. அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரி, அதில் இரண்டு பூட்டு. விடைக்குறிப்பு உள்ளே இருக்கிறதாம். மகளின் விடைத்தாளை விரல் நுனியால் பிடித்துப் பார்த்தார்.

"வேகம் 0.04. எங்க குறிப்புல 0.02. ரெண்டு மடங்கு வேகம் போயிருக்கா."

"அவ போகல சார். அந்தக் கரைசல் போச்சு."

"யார் போனாலும் ரெண்டு மடங்குதானே? மூணு லட்சம் பேர் பரீட்சை எழுதறாங்கம்மா. ஆளுக்கு ஒரு வேகத்துல போனா நாங்க எப்படித் திருத்தறது? விடைங்கறது எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். அதுதான் நியாயம். அது உண்மையா இருக்கணும்னு யாரும் எங்ககிட்ட கேட்டதில்ல."

"இந்த ஐம்பது யார் பார்த்துச் சொன்னது சார்?"

அவர் முகம் மாறிவிட்டது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் வாரியத்தின் தலைமையகத்தில், ஒரு குளிர்காலக் காலைநேரத்தில், தாமே செய்து பார்த்து எழுதியது என்றார். அதற்குப் பிறகு யாராவது செய்து பார்த்தார்களா என்று கேட்டேன்.

"அவர் மேல சந்தேகப்படச் சொல்றீங்களா?" என்றார்.

ஆனாலும் நான் கேட்ட கேள்வியை எழுதிக்கொடுத்துவிட்டதால், விதிப்படி விசாரணை வைத்தே ஆக வேண்டுமாம். மூன்று நாளில் அறிவிப்பு வந்தது. 'சர்ச்சைக்குரிய மேற்படி வினை, இருபத்து நான்காம் தேதி காலை பத்தரை மணிக்குத் தலைவர் முன்னிலையில் நேரில் நடைபெற வேண்டும். நடைபெறத் தவறினால் அதன் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வழங்கப்படும்.' நகல் யாருக்கு என்ற இடத்தில் முதலில் வினை, அடுத்து நான்.

விசாரணைக்கு முந்தின நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். சூடு ஏறினால் வேகம் ஏறும், கரைசலில் சரக்கு அதிகமாக இருந்தாலும் ஏறும், பத்து டிகிரி கூடினால் பல வினைகளில் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதி புரிந்தது. அவளை உள்ளே விட மாட்டார்கள், பெற்றோர் மட்டும்தான் வரலாம் என்று அறிவிப்பில் இருந்ததால் அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

தலைவரின் கூட்ட அறை நான்காம் மாடியில். உள்ளே கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு ஏசி. நீள மேசையின் தலைமாட்டில் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி. மேசை நடுவில் குடுவை, தாள், பெருக்கல் குறி, பக்கத்தில் பாட்டில்கள். பாட்டில்களை முதல் நாளே கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம், பாதுகாப்புக்காக.

லேப் உதவியாளர் ஒருவர் கலக்கினார். தலைவரே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் குடுவைக்கு மேல் குனிந்தோம். இருபத்தைந்து வந்தது. குறி பளிச்சென்று இருந்தது. முப்பது. நாற்பது. நாற்பத்தொன்பதில் குறி மங்கலாக நின்றது. ஐம்பதில் போயே போய்விட்டது.

குண்டு உறுப்பினர் கைதட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீங்களாம்மா? முப்பத்தோரு வருஷமா எங்க வாரியத்துல ஒரு வினைகூட சீக்கிரமா முடிஞ்சதில்ல, லேட்டாவும் முடிஞ்சதில்ல. இந்தக் கட்டடத்துல ஒரு பைல் இந்த மேசைலேருந்து அந்த மேசைக்குப் போக நாலு மாசம் ஆகும். ஆனா இந்த ஹைப்போ, அது படிக்கல, சம்பளம் வாங்கல, ஐம்பதுன்னா ஐம்பதுல வந்து நிக்குது. ஏன்? நாங்க சொல்லிட்டோம். அதனால நிக்குது. இதுதாம்மா நிர்வாகம்."

என் பிள்ளை பொய் சொல்லிவிட்டாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நினைத்துக்கொண்டே குளிரில் மரத்துப்போன விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். அந்த விரல்கள்தான் எனக்கு ஞாபகப்படுத்தின. போன வருடம் சலவைப் பிரிவில் பாய்லர் பழுதான நாளில் விரல் இப்படித்தான் மரத்துப்போனது. பச்சைத் தண்ணீரில் போட்ட விரிப்புகளில் கறை போகவே இல்லை. அதே பிளீச்சிங் பவுடர், அதே அளவு, ஆனால் இருபது நிமிட வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேற்பார்வையாளர் வந்து எங்களைத்தான் சோம்பேறிகள் என்று திட்டினார்.

"சார், இந்த ரூம்ல எத்தனை டிகிரி?" என்றேன்.

"இருபது. எப்பவும் இருபதுதான்" என்றார் தலைவர் பெருமையாக.

"பிள்ளைங்க லேப்ல முப்பதுன்னு எம் பொண்ணு சொன்னா சார். அங்க ஒரு பேன்கூட சுத்தல. தயவு பண்ணி ஏசியை அணைச்சிட்டு இன்னொரு தடவை பாருங்களேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏசியை அணைப்பதற்குப் பொதுப்பணிப் பிரிவின் அனுமதி வேண்டும், அதற்கான படிவமே அச்சில் இல்லை என்றார் ஒல்லி உறுப்பினர். "அப்ப பாட்டிலை வெளியில வைங்க சார்" என்றேன். வெளியே என்றால் எங்கே என்றார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் உட்காரும் தாழ்வாரத்தைக் காட்டினேன். வாரியத்தின் பொருளை மக்கள் இருக்கும் இடத்தில் வைக்கலாமா என்று பேச்சு நடந்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால், பசியில் சம்மதித்துவிட்டார்கள்.

ஒன்றரை மணி நேரம் தாழ்வாரத்தில் அந்தப் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தேன். லேப் உதவியாளர் ஒரு தெர்மாமீட்டரை உள்ளே விட்டு விட்டுப் பார்த்தார். முப்பதுக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்த மனுதாரர்கள் விஷயம் கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் பெயர் திருத்தத்துக்காக ஏழு மாதமாக வருகிறவர். அவர் எழுந்து தன் பெஞ்சைக் குடுவைக்குக் கொடுத்தார்.

உறுப்பினர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி கலக்கினார்கள். இந்த முறை தாழ்வாரமே சுற்றி நின்று வாய்விட்டு எண்ணியது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. குண்டு உறுப்பினர் குடுவையைப் பார்த்து, "இரு, இரு" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அது கேட்கவில்லை. இருபத்தைந்தில் குறி மறைந்தது. இன்னொரு முறை செய்தார்கள். இருபத்தைந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அவள் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனால் நான் நினைத்தபடி எதுவும் முடியவில்லை. மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சாட்சி என்ற முறையில் என்னையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

"தலைவர் ரூம்ல ஐம்பது. மக்கள் இருக்கற இடத்துல இருபத்தஞ்சு. ரெண்டுமே ஆவணத்துல ஏறிடுச்சு" என்றார் ஒல்லி.

"ரெண்டு தரப்புக்கும் பாதகமில்லாம முடிக்கணும்" என்றார் தலைவர். "கூட்டி ரெண்டால வகுங்க."

குண்டு உறுப்பினர் விநாடிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தார். முப்பத்தேழரை. ஒல்லி உறுப்பினர் வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தார். 0.03. இருவரும் மூத்தவர்கள், ஒருவர் கணக்கை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இரண்டையும் விடைக்குறிப்பில் போட்டுவிட்டார்கள். காலம் 37.5 விநாடி, வேகம் 0.03.

முந்தின நாள் படித்த பாடம் சூடாக இருந்ததால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், ஒண்ணை முப்பத்தேழரையால வகுத்தா 0.027 கிட்டதானே வருது?"

"யாரும்மா வகுக்கச் சொன்னது?" என்றார் தலைவர். "ஒருமனதா முடிவு பண்ணினதை வகுக்கக் கூடாது."

இருபத்தேழாம் தேதி சுற்றறிக்கை வெளிவந்தது. என் மகளின் இருபத்தைந்து தவறு. அதோடு மற்ற மூன்று லட்சம் பேரின் ஐம்பதும் தவறு. முப்பத்தேழரை என்று எழுதி, அதை வைத்துத் தப்பாக வகுத்த பிள்ளை நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆக, அந்தக் கேள்வியில் எல்லோருக்கும் சுழி. இருபத்தெட்டாம் தேதி வாரியத்தின் வாசலில் பெற்றோர் கூட்டம் தெருமுனை வரை நின்றது. சூடும் ஏறியது, ஆட்களும் நெருக்கமாக நின்றார்கள். என் மகள் சொல்லிக்கொடுத்த பாடப்படி, நான்கு மாதம் ஆக வேண்டிய பைல் அன்றைக்கு நான்கு மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் கேள்விக்கு அனைவருக்கும் பத்துக்குப் பத்து, கருணை மதிப்பெண். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுப் பட்டியலை வாங்கிக்கொள்ளலாம்.

முப்பதாம் தேதி காலையிலேயே மகளோடு போய் வரிசையில் நின்றேன். ஆறாவது கவுண்டரை அடையும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. வகிடு உறுதிமொழியை நீட்டியது. மகள் அதை எடுத்து முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பகீரென்றது. 'நான் பார்த்தது தப்பு' என்று அதில் இருந்தால் இவள் கையெழுத்துப் போட மாட்டாள். இருபத்தொரு நாள் அலைந்த நான், போடு என்று சொல்வேனா, போடாதே என்று சொல்வேனா? எனக்கே தெரியவில்லை.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "'காலம் 37.5 விநாடி என்றும், வேகம் 0.03 என்றும் நான் எழுதவில்லை என்பதை இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன்.'"

பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இது உண்மைதானேம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

குமாஸ்தா பட்டியலை எடுத்து வைத்தார். முத்திரையைக் கையில் எடுத்தவர் குத்தாமல் வைத்திருந்தார்.

"நீதான் அந்த இருபத்தஞ்சா?" என்றார் குனிந்தபடியே.

"ஆமா சார்."

"நான் பரீட்சை எழுதினப்ப இதே கேள்விதான். எனக்கு இருபத்தெட்டு வந்துச்சு." எங்கள் பின்னால் நின்றவருக்குக் கேட்காத அளவுக்குக் குரல் தணிந்திருந்தது. "ஐம்பதுன்னு எழுதிட்டேன். நல்ல மார்க். அதுலதான் இந்த வேலை கிடைச்சுது. ஆனா அந்த இருபத்தெட்டு எப்படித் தப்பா வந்துச்சுன்னு அப்பப்ப நினைச்சுக்குவேன்."

மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"அன்னிக்கு எங்க லேபை விட உங்க லேப் கொஞ்சம் குளிர்ச்சியா இருந்திருக்கும் சார்."

அவர் தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமான, களைத்த முகம்.

"மழை பெய்ஞ்சுட்டு இருந்துச்சு" என்றார். "ஜன்னல் பக்கத்துலதான் எனக்கு இடம். மேசையெல்லாம் சாரல்."

"அப்ப உங்களுக்குச் சரியாத்தான் சார் வந்திருக்கு."

அவர் முத்திரையைக் குத்தி, மை காய்வதற்காக ஒருமுறை ஊதி, பட்டியலை அவளிடம் கொடுத்தார். "மணி மூணு இருபது. ஓடுங்க" என்றார்.

ஓடினோம். வாசற்படியில் நின்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவர் முத்திரையைக் கையில் பிடித்தபடி, அடுத்தவரைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.